ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவன்

1

முந்தாநாள் வெள்ளிக்கிழமை, ஜூன் ஒன்றாம் தேதி, என் தம்பி செழியனுக்குப் பதினெட்டு வயது முடிந்தது. இரண்டாவது முறையாக முடிந்தது. முதல் முறை முடிந்து இரண்டரை வருடம் ஆகப்போகிறது, அன்றைக்குத் தைப்பூசம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் அது தெரியும். அவனுக்கு முந்தாநாள் வரை தெரியாது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடலூர் ஜில்லாவில் என் காலத்துப் பிள்ளைகளில் பலருக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று நெஜ வயது, இன்னொன்று சர்டிபிகேட் வயது. ஜாதகத்துக்கு முதலாவது, உத்தியோகத்துக்கு இரண்டாவது. பெண் பார்க்க வந்த இடத்தில்கூட, "இது எந்த வயசு?" என்று கேட்டுத் தெளிந்துகொள்வார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில், சேர்க்கிற அன்று போட்ட தேதி என்பதால் என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருந்தோம். நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில். சர்டிபிகேட்டில் ஜூன் பத்து. இதைப் பொய் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. இனிஷியல் மாதிரி அதுவும் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஒன்று.

ஆனால் அந்த வழக்கம் என் தம்பியை விஞ்ஞானி ஆக்கியது. பிறகு ஒன்றுமில்லாமல் ஆக்கியது. அந்தத் தேதியை விண்ணப்பத்தில் எழுதியது என் கை. வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி நான் அவ்வப்போது எழுதும் குறிப்புகளில் இதை மட்டும் எழுதாமலே வந்தேன். அவன் படித்துவிடுவானோ என்று பயம். இனி அந்தப் பயம் இல்லை. இரண்டு நாளாக அவன் போனை எடுப்பதில்லை. "வீட்லதான் இருக்கான். செவுத்தப் பாத்துப் படுத்துக்கினு இருக்கான்" என்று அம்மா சொல்கிறாள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் இருக்கிறேன். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. வாசலைப் பார்த்த மேசை என்னுடையது. பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம் பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் வாங்கிச் சரிபார்த்து, நகல் எடுத்து, தேதி முத்திரை குத்த வேண்டும். வேலை கிடைத்த அன்று என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் வீட்டுக் கதை அவருக்குத் தெரியும். "திருடன் கையில சாவியா" என்றார். எனக்கும் அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருவர் மூன்று பிள்ளைகளோடு வந்தார். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு சண்டையிலிருந்து தப்பி, முகாமில் பல வருடம் இருந்துவிட்டு வந்த குடும்பம். மூன்று பிள்ளைகளும் ஜனவரி முதல் தேதி பிறந்தவர்கள். அப்பாவும் ஜனவரி முதல் தேதி. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "உங்கள் வீட்டில் அன்றைக்குப் பெரிய விருந்தாக இருக்குமே" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்குத் தேதி என்றால் தேதி, அவ்வளவுதான். அந்த மனிதர் முகம் சுண்டிப்போய் என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் ஜூன் ஒன்று ஐயா, கவலைப்படாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லுகிற அளவுக்கு என் ஆங்கிலம் வளரவில்லை. மூன்று தாளிலும் முத்திரையைக் குத்திக் கொடுத்தேன்.

என் மகள் யாழினி இங்கே பிறந்தவள். அவளுக்கு வயது சுத்தமாக இருக்கிறது. மணி, நிமிடம் வரைக்கும் ஆஸ்பத்திரித் தாளில் இருக்கிறது. "எனக்கு ஏழு வருஷம் பழசு" என்று தமிழில் சொல்வாள். திருத்தினால், "சரி, ஏழரை" என்பாள். போனில் ஒருநாள் இதைக் கேட்ட அம்மா பதறிப்போய், "ஏழரைன்னு வாயால சொல்லாதடீ, எட்டாகப் போவுதுன்னு சொல்லு" என்றாள். சனி பகவானை அவளுக்கு எப்படி விளக்குவது? தாய்மாமனை அவள் 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறாள். மாமா என்று சொல்லச் சொன்னால் அது இங்கே குழந்தைகள் அம்மாவைக் கூப்பிடுகிற சத்தம் மாதிரி இருக்கிறதாம். செழியன் அதைக் கேட்டுச் சிரிப்பான். அவன் சிரித்து நான் கேட்டதெல்லாம் அவளோடு பேசும்போதுதான்.

3

எனக்கும் செழியனுக்கும் பத்து வயது வித்தியாசம். நடுவில் அம்மாவுக்கு இரண்டு முறை தங்கவில்லை. அதற்குப் பிறகு குமராட்சிப் பக்கத்தில் எங்கள் ஊரில் வலியெடுத்து, சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இவன் பிறந்தான். அன்றைக்குத் தைப்பூசம். அப்பா வடலூருக்கு ஜோதி பார்க்கப் போயிருந்தார். திரும்பி வந்து பிள்ளை முகம் பார்த்தார். தொண்ணூற்றிரண்டாம் வருடம். அதனால்தான் எங்கள் வீட்டில் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அம்மா பாயசம் வைப்பாள். முதல் கரண்டி அவனுக்கு.

நாலு வயது வரைக்கும் அவன் பேசவில்லை. அந்த வருடங்களில் கொள்ளிடத்துத் தண்ணீர் வயலுக்கு வந்து, அப்பா வேலை தேடி ஊர் ஊராக அலைந்து, கடைசியில் கடலூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஹெல்பராகச் சேர்ந்தார். இந்த இழுபறியில் செழியனைப் பள்ளிக்கூடத்தில் போட யாருக்கும் தோன்றவில்லை. கடலூருக்குக் குடி வந்த பிறகு, தொண்ணூற்றொன்பதில், அப்பாவும் நானும் அவனை அழைத்துக்கொண்டு போனோம். நான் அப்போது பிளஸ் டூ.

தலைமையாசிரியர் அவனைக் கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயது என்று கணக்கு. இவன் கை காதைத் தாண்டித் தாடைக்கு வந்தது. அவர் சிரித்துவிட்டார்.

"ஏம்பா, இவனுக்கு அஞ்சா?"

"ஏழு முடிஞ்சிடுச்சிங்க சார்" என்றார் அப்பா.

"ஏழு முடிஞ்சவனுக்கு அ, ஆ தெரியாதுங்கற. மூணாவதுல உக்கார வெச்சா திருதிருன்னு முழிப்பான். ஒண்ணாவதுலயே போடு. வயசக் கொறச்சுக் குடுத்துடு. நாளைக்கு கவர்மெண்ட் உத்தியோகம் போனான்னா ரெண்டு வருஷம் சர்வீஸ் ஜாஸ்தி கெடைக்கும்."

"நீங்க பாத்துச் செய்ங்க சார்."

அவர் விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினார். "நீ எழுதும்மா. உங்கப்பா எழுதுனா கோழி கிண்டின மாதிரி இருக்கும்."

எழுதினேன். அன்றைக்கு ஜூன் ஒன்று. அதையே எடுத்து, வருடத்தில் மட்டும் ஐந்தைக் கழித்து, ஒன்று ஆறு தொண்ணூற்று நான்கு என்று போட்டேன். அழகான கையெழுத்து என்று தலைமையாசிரியர் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் அவனுக்குச் சர்டிபிகேட் வயதையே சொல்லிப் பழக்கினோம். பிள்ளை வெளியில் மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான். கடலூரில் எங்களை முன்பின் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு வருடத்தில் அவன் மறந்துபோனான். தைப்பூசப் பாயசமும் அவனுக்குச் சாமி பாயசம் ஆகிவிட்டது.

4

எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்தது 2004 தொடக்கத்தில். அந்த டிசம்பரில் கடலூரில் கடல் உள்ளே வந்தது. இரண்டு நாள் லைன் கிடைக்கவில்லை. யாழினி ஒரு மாதக் குழந்தை; அவளை மடியில் போட்டுக்கொண்டு விடாமல் எண்களை அழுத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் அம்மா கிடைத்தாள். "நாங்க நல்லா இருக்கோம். தண்ணி நம்ம தெரு வரைக்கும் வரல. உன் தம்பிதான் கேம்ப்புல போயி, தாம்பாளத்துல தண்ணிய ஊத்தி வெச்சிக்கினு என்னமோ காட்டிக்கினு இருக்கான்."

மீனவர் குப்பத்து ஜனங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். மணிக்கு ஒருதரம் யாராவது 'வருது' என்று கத்த, எல்லாரும் எழுந்து ஓடுவார்களாம். செழியன் வீட்டிலிருந்து பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துப்போய், ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்து, தண்ணீர் ஊற்றி, ஆழமான பக்கத்தில் அடியிலிருந்து கரண்டியால் தட்டிக் காட்டியிருக்கிறான். ஆழத்தில் லேசாகக் கிளம்புகிற அலை மேடான பக்கத்தில் உயர்ந்து எழும்புவதைப் பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். "கடல் கோவத்துல வரல. அடியில தரை நவுந்துச்சு, அவ்ளோதான்" என்று சொன்னானாம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா, "மறுபடி வருமா தம்பி?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்களக் கேட்டுக்கினு வந்து சொல்றேன்" என்றிருக்கிறான். மறுநாள் அதிகாரிகள் இருந்த இடத்துக்குத் தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டும் வந்தான்.

என் தம்பி விஞ்ஞானியாக இருந்தது அந்த இரண்டு நாள்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது நாள் ஒரு நிருபர் வந்தார். பையனுக்கு என்ன வயது என்று கேட்டார். அப்பா, "பத்துங்க சார். சர்டிபிகேட் இருக்கு" என்றார். மறுநாள் படத்தோடு வந்தது: பத்து வயது விஞ்ஞானி. இன்னும் ஒரு மாதத்தில் அவனுக்குப் பதின்மூன்று. பதின்மூன்று வயதுப் பையன் தாம்பாளத்தில் அலை காட்டினால் கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். பத்து வயதுப் பையன் காட்டினால் மேதை. அந்த வித்தியாசம் முழுக்க நான் கழித்த கழித்தல்தான். ஆனால் அன்றைக்கு நானும் அந்தச் செய்தியை வரவழைத்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களிடம் நானும் பத்து என்றுதான் சொன்னேன்.

5

அதற்குப் பிறகு மேடைதான். பள்ளி ஆண்டு விழா, சங்கத்துக் கூட்டம், கோயில் திருவிழாவில்கூட ஒருமுறை. முழங்கால் வரை தொங்குகிற பொன்னாடையைப் போர்த்தி அவனை நாற்காலிமேல் நிற்க வைப்பார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம், ஒளி ஒரு நொடிக்கு எவ்வளவு போகும் என்று கேட்பார்கள். சொன்னால் கைதட்டல். அப்பா லீவு போட்டுவிட்டு லேமினேட் பண்ணிய செய்திகளைக் கோப்பில் வைத்துக்கொண்டு கூடவே போனார்.

அந்தச் சமயத்தில் அவன் உண்மையாகவே ஒரு வேலை செய்துகொண்டிருந்தான். பேட்டரி, சின்ன பல்பு, இரண்டு ஆணி வைத்து ஒன்று செய்திருந்தான். கடல் தண்ணீர் ஏறிய ஊர்க் கிணறுகளில் இறைத்த தண்ணீரில் ஆணிகளை விட்டு, பல்பு எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்று பார்த்து, உப்பு குறைகிறதா என்று வாரம் தவறாமல் ஒரு நோட்டில் எழுதினான். பதினோரு கிணறு. போனில் என்னிடம் ஒவ்வொன்றாகச் சொல்வான். ஒருநாள், "அக்கா, கெணத்துத் தண்ணியப் பத்தி யாருமே கேக்க மாட்றாங்க. சூரியன் எவ்ளோ தூரம்னே கேக்கறாங்க" என்றான். கொஞ்ச நாளில் கிணறுகளைப் பற்றிச் சொல்வதும் நின்றுபோனது.

ஆறாவதில் இருந்தவனை இரண்டு வகுப்பு தாண்டவைத்துப் பத்தாவது பரீட்சை எழுதவைக்க அப்பா முடிவு செய்தார். அதற்கு வயது போதாது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. விலக்கு வாங்க அப்பா எத்தனை தரம் மெட்ராஸ் போனார் என்று அவருக்கே தெரியாது. கடைசியில் உத்தரவு கிடைத்தது, அதுவும் செய்தியானது. நெஜ வயதில் பார்த்தால் பரீட்சை எழுதும்போது அவனுக்குப் பதினைந்து. விலக்கே தேவையில்லை, வரிசையில் நின்று சாதாரணமாக எழுதியிருக்கலாம்.

தயங்கித் தயங்கி ஒருமுறை, "அப்பா, அவன் வயசு..." என்று ஆரம்பித்தேன்.

"சர்டிபிகேட்ல இன்னா இருக்கோ அதாம்மா வயசு" என்று முடித்துவிட்டார். "நீ அவ்ளோ தூரத்துல இருந்துக்கினு புள்ள வாழ்க்கையில கல்லப் போடாத."

நானும் போடவில்லை.

6

2009இல் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. பிசிக்ஸ் சேர்ந்தான். பதினைந்து வயதில் கல்லூரி என்று கடைசியாக ஒருமுறை பத்திரிகையில் வந்தது. உண்மையில் அவனுக்குப் பதினேழு. குறுக்கு வழியில் ஓடி ஓடி, சரியாகத் தன் வயதுப் பிள்ளைகள் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தான். அது தெரியாமல் வகுப்பில் எல்லாரையும் 'அண்ணா' என்று கூப்பிட்டான். அவனைவிட ஆறு மாதம் சின்னவர்களையும் அண்ணா என்றான். அவர்கள் அவனை 'விஞ்ஞானி' என்றார்கள். மீசை வேறு அரும்பிவிட்டதால், மூளை மாதிரியே மீசையும் முந்திக்கொண்டது என்று கேலி. மூன்று வருடத்தில் ஒரு சிநேகிதன் பெயரைக்கூட அவன் என்னிடம் சொன்னதில்லை.

முதல் செமஸ்டரிலேயே கணக்கில் போனது. அடுத்ததில் இரண்டு. "புரியலக்கா" என்றான். அவன் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. உடனே அவனே சமாதானமும் சொன்னான். "அவுங்கல்லாம் பதினேழு, பதினெட்டு. எனக்குப் பதினஞ்சுதானே. அதான் ஏறல. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் மிச்சம் இருக்கு இல்ல? அதுக்குள்ள புடிச்சிடுவேன்."

அந்த இரண்டு வருடம்தான் அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இதையே சொன்னான், எனக்கு ரெண்டு வருஷம் மிச்சம் இருக்குக்கா. நான், "ஆமாண்டா, இருக்கு" என்பேன். வேறு என்ன சொல்வது? உனக்கு ஒன்றும் மிச்சமில்லை, நீயும் மற்றவர்களைப் போலத்தான் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? இந்த ஏப்ரலில் மூன்றாம் வருடம் முடிந்தபோது அரியர் ஏழு. இப்போது கடலூரில் ஒரு டியூஷன் சென்டரில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறான். வாசல் போர்டில் 'பால விஞ்ஞானி' என்று போட்டு, தாம்பாளத்தோடு அவன் நிற்கிற பழைய படத்தை வைத்திருக்கிறார்கள்.

7

போன வருடம் இங்கே வின்னிபெக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கோடை காலத்தில் ஒரு அறிவியல் வகுப்பு என்று விளம்பரம் பார்த்தேன். இடம் மாறினால் பையன் தேறிவிடுவான் என்று ஒரு ஆசை. பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அவன் வயதுக்காரர்களுக்குப் பள்ளிச் சான்றிதழ் போதாதாம். "நீ சிதம்பரத்துலதானே இருக்க. ஆஸ்பத்திரியில பொறந்தவன், முனிசிபாலிட்டியில கேட்டு வாங்கிடு" என்று அவனை அனுப்பியது நான்தான். தினமும் பிறப்புச் சான்றிதழ் பார்க்கிற எனக்கு, அந்தப் பதிவேட்டில் என்ன தேதி இருக்கும் என்பது ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. எழுதிய பொய்யை நானே அத்தனை நம்பியிருக்கிறேன்.

நவம்பரில் ஒருநாள் கூப்பிட்டான். குரல் சின்னதாக இருந்தது.

"அக்கா, தொண்ணூத்தி நாலுல என் பேர்ல ஒண்ணும் இல்ல. அங்க இருந்த கிளார்க்கு நல்ல மனுஷன். முன்ன பின்ன வருஷத்துலயும் தேடிப் பாத்தாரு. தொண்ணூத்தி ரெண்டு ஜனவரியில ஒண்ணு இருக்கு. அன்னைக்குத் தைப்பூசமாம். அப்பா பேரு, அம்மா பேரு, குமராட்சி அட்ரஸ், எல்லாம் நம்மளுது. பேரு எடத்துல ஆண் குழந்தைன்னு மட்டும் போட்ருக்கு." கொஞ்சம் நிறுத்தினான். "எனக்கு முன்னாடி ஒரு அண்ணன் இருந்தானாக்கா? செத்துட்டானா?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். உண்மையே தானாக நடந்து வந்து கதவைத் தட்டியது. அரியர், இரண்டு வருடம், எல்லாம் கண் முன்னால் வந்தது. "ஆமாண்டா" என்றேன். "பேரு வைக்கறதுக்குள்ள போயிட்டான்."

"அய்யோ" என்றான். பிறகு, "அம்மாகிட்டக் கேக்க மாட்டேன். அழுவாங்க" என்றான்.

தொண்ணூற்று நான்காம் வருடத்துப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பது நிஜம்தானே. அதை வைத்து அப்பா கோர்ட்டுக்குப் போய் அவனுக்கு 1994 என்று தாமதப் பிறப்புப் பதிவு வாங்கினார். அதற்கு நாலு மாதம் ஆனது. கோடை வகுப்புக்கு மனு போடுகிற கெடு அதற்குள் போய்விட்டது.

8

டிசம்பர் கடைசியில் தானே புயல். கடலூரில் பலாவும் முந்திரியும் வேரோடு போனதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக் கூரைத் தகடும் போனது. அப்பாவின் கோப்பில் லேமினேட் பிரிந்து தண்ணீர் புகுந்து, எல்லாப் படத்திலும் செழியனின் முகம் மட்டும் நீலமாகக் கரைந்துவிட்டதாம். கிணற்று நோட்டு என்ன ஆனது என்று நான்தான் கேட்டேன். அதுவும் போய்விட்டது.

பிப்ரவரியில் தைப்பூசம் வந்தது. தகடு போடாத வீட்டில், தார்ப்பாய்க்கு அடியில் அம்மா பாயசம் வைத்தாள். செழியன் விடுதியிலிருந்து வந்திருந்தான். முதல் கரண்டியை அவனுக்குக் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை. ஒரு வாழையிலையை நறுக்கி அதில் பாயசத்தை ஊற்றிக்கொண்டு போய்க் கொல்லைப்பக்கச் சுவர்மேல் வைத்துக் கா, கா என்று கூப்பிட்டானாம். செத்தவர்களுக்கு வைப்பது போல.

அம்மா ஓடிப்போய் இலையைத் தட்டிவிட்டு, வளர்ந்த பிள்ளையை முதுகில் அறைந்திருக்கிறாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா, எனக்குத் தெரியும்" என்றானாம். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குப் போன் பண்ணி, "உசுரோட நிக்கற புள்ள, அவன் பாயசத்த அவனே எடுத்துக்கினு போயி காக்காய்க்கு வெக்கறான்டீ! எனக்கு ஈரக்கொல நடுங்குது" என்று கதறினாள். நான் சொல்லி வைத்த பொய்யை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். "பெத்த வயித்துல நெருப்ப வெச்சிட்டியேடீ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஆனாலும் அவளும் அவனிடம் சொல்லவில்லை.

9

கோடை வகுப்பு போனாலும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. சும்மா ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போகட்டும், யாழினியோடு சிரித்துக்கொண்டிருக்கட்டும் என்று விசா பாரம் நிரப்பச் சொன்னேன்.

முந்தாநாள் காலை எட்டு மணி. முத்திரையில் தேதியைத் திருப்பி ஜூன் ஒன்று வைத்துக்கொண்டிருந்தேன். செழியன் கூப்பிட்டான், அங்கே மாலை. வாழ்த்துச் சொன்னேன்.

"தேங்க்ஸ்க்கா. பாரத்துல ஒரு எடத்துல நின்னுட்டேன்."

"எங்க?"

"கூடப் பொறந்தவங்க லிஸ்ட்டு. செத்தவங்களையும் எழுதணும்னு போட்ருக்கு. உன் பேரு எழுதிட்டேன். அண்ணனுக்கு ஆண் குழந்தைன்னு போட்டு, பொறந்த தேதியும் போட்டுட்டேன். செத்த தேதி கேக்கறான். என்னைக்குக்கா?"

எதிரே ஒரு பெண் பிள்ளையோடும் தாள்களோடும் வந்து நின்றாள். ஒரு கையில் போன், மறு கையில் முத்திரை. "ஜூன் ஒண்ணு, தொண்ணூத்தி ஒம்பது" என்றேன்.

யோசித்திருந்தால் வேறு எதையாவது சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளை இல்லாமல் போனது எந்தத் தேதியில் என்று கேட்டால் என் வாய்க்குத் தெரிந்த தேதி அது ஒன்றுதான்.

"தொண்ணூத்தி ஒம்பதா? பேரு வைக்கறதுக்குள்ள போயிட்டான்னு சொன்ன?"

முத்திரையை மேசைமேல் வைத்தேன்.

"ஏழு வருஷம் பேரு வெக்காமயா இருந்தாங்க?" அவன் குரலில் கோபம் இல்லை. "அக்கா, டி.சி.ல அட்மிஷன் தேதி இதான். நான் ஒண்ணாவது சேந்த நாளு."

அவன் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. காகிதம் வேண்டாத கணக்கு. எதிரே நின்ற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாள்களைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.

"அப்ப எனக்கு இருபது" என்றான்.

"ஆமாண்டா. நான்தான் எழுதுனேன். என் கையாலதான் எழுதுனேன் செழியா."

"இருபது வயசுல ஏழு அரியர் வெச்சிருக்கறவன் சிதம்பரத்துல தெருவுக்கு நாலு பேர் இருக்கான்கா." ஏதோ பஸ் ஹாரன் கேட்டது. "ரெண்டு வருஷம் மிச்சம் இருக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னேன். அவன் எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை. வைத்துவிட்டானோ என்று பார்த்தேன், வைக்கவில்லை.

"அக்கா."

"சொல்லுடா."

"தைப்பூசத்துக்கு அம்மா வெக்கற பாயசம்?"

"உனக்குத்தான்டா. ஒவ்வொரு வருஷமும் உனக்குத்தான்."

"அதையா நான் காக்காய்க்கு வெச்சேன்" என்றான்.